மலையின் வாயை அடைத்தவர்கள்

பிராக்ஸோவுக்குக் கோபம் வராத நாளை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று எவனாவது சொன்னால் அன்றைக்கு அவன் ஊரில் இல்லை என்று அர்த்தம். அடுப்பு புகைந்தால் கோபம், ஆடு வேலி தாண்டினால் கோபம். புருஷன் தெர்சியாஸ் பேசினால் கோபம், பேசாமல் இருந்தால் இன்னும் கோபம். கோபக்காரி என்று பெயர் வைத்துவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஒருத்தியைக் கோபக்காரி என்று முத்திரை குத்திவிட்டால் அவள் சொல்வதைக் காதில் வாங்க வேண்டியதில்லை அல்லவா? அந்த வசதிக்காகத்தான் அந்தப் பெயர்.

அவள் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், கிரானாவில். வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம், பெதியாவில். நடுவே ஒரே ஒரு மலை. இந்த ஒரு மலைக்காக இரண்டு ஊரும் தனித்தனிச் சட்டம், தனித்தனிச் சபை, தனித்தனி நாள்கணக்கு வைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. கிரேக்க தேசத்து மலைநாடான ஆர்க்காடியா முழுக்க இந்தக் கதைதான். எங்கே ஒரு மேடு குறுக்கே வருகிறதோ அங்கே ஒரு நாடு முடிந்துவிடும்.

பெதியாவுக்கு நாலு பக்கமும் மலை. நடுவில் களம் போலத் தட்டையாகக் கொஞ்சம் நிலம். மழையும் உருகிய பனியும் ஓடையாகச் சேர்ந்து ஓடிவரும். வெளியே போக வழி கிடையாது. கிழக்கு மலையின் காலடியில் ஒரு குகை இருக்கிறது. ஓடை அதற்குள் இறங்கிக் காணாமல் போகும். அதற்கு வாய் என்றே பெயர். சுண்ணாம்புப் பாறை மலை, உள்ளெல்லாம் பொந்து. வாய் விழுங்குகிறவரைக்கும் எங்களுக்கு வாற்கோதுமை உண்டு. விழுங்க மறுத்தால் ஊர் ஏரியாகிவிடும். மேட்டில் ஏறி ஓக் மரத்துக் கொட்டையைப் பொறுக்கித் தின்ன வேண்டியதுதான்.

கிரானாவில் வயல் குறைவு, ஆனால் பாறையிலிருந்து குபுகுபுவென்று ஊற்று வரும். எங்கள் ஆட்கள் போரடித்து முடித்ததும் பதரை வாரி வாய்க்குள் கொட்டுவார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பதர் கிரானா ஊற்றில் மிதக்கும். அதனால் எங்களுக்கு அவர்கள் 'பதர்குடிச்சான்கள்'. அவர்களுக்கு நாங்கள் 'தவளைகள்'. கல்யாணமாகி வந்த அன்றே பிராக்ஸோவின் மாமியார், "பதர் குடிச்சு வளந்தவ, நல்ல தண்ணி இவ ஒடம்புக்குச் சேருமா?" என்று ஊர் கேட்கச் சொன்னாள். பிறந்த வீட்டுக்குப் போனால், "தவளை வந்துட்டா, தொட்டியில எடம் குடுங்கடா" என்பார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

அவளுடைய வயல் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஊரிலேயே தாழ்ந்த நிலம், ஊரிலேயே நல்ல மண். மற்ற இடங்களில் கையால் கீறினால் எலும்பு மாதிரிப் பாறை தெரியும். இந்த நாட்டில் கல் விளைகிற மாதிரி வேறெதுவும் விளைவதில்லை. தாழ்ந்த வயலில் மட்டும் முழங்கை புதைகிற அளவுக்குக் கறுப்பு மண். அவளும் தெர்சியாஸும் முதுகு ஒடிய வடிகால் வெட்டித்தான் அந்த வயலை வயலாக்கினார்கள். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அதுதான். அவள் உயிர் அதில் இருந்தது. பெற்றது ஒரே பெண். பிறந்து சில நாளிலேயே போய்விட்டது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். வயலைப் பற்றித்தான் பேசுவாள்.

அந்தக் கோடையில் அகெமாகோஸின் ஆடுகள் மலை முகட்டில் எல்லைக்கல்லைத் தாண்டி மேய்ந்தன. கிரானாக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அகெமாகோஸ் எங்கள் ஊரில் பெரிய ஆள். நல்ல உழவு மாடுகள் அவனிடம்தான் இருந்தன. பாதி ஊர் அவன் மாட்டை இரவல் வாங்கித்தான் உழுதது. சபையில் அவன் எழுந்தால் மற்றவர்கள் உட்காருவார்கள். அன்றைக்கு அவன் எழுந்து, "நம்ம தண்ணியக் குடிச்சுட்டு நம்ம ஆட்டையே பிடிக்கிறான். வாயை அடைப்போம். நாக்கு வறண்டு வந்து கால்ல விழட்டும்" என்றான்.

"நம்ம நெலம் என்னாகும்?" என்று எவனோ பின்னாலிருந்து கேட்டான்.

"அறுப்பு முடிஞ்சு போச்சு. கோடை ஓடையில எவ்ளோ வந்துடும்? மழைக்கு முன்னாடி தொறந்துட்டாப் போச்சு."

எல்லோரும் கை தூக்கினார்கள். அண்டை வீட்டுக்காரனைத் தாகத்தில் தவிக்கவிட வேண்டும் என்பதற்காகத் தன் வீட்டுக்குள் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ள ஒரு ஊரே கை தூக்கியது. எங்கள் ஊர்தான். வேறு யாரைச் சொல்ல?

தெர்சியாஸ் வீட்டுக்கு வந்தபோது பிராக்ஸோ மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன முடிவாச்சு?"

"வாயை அடைக்கிறதுன்னு."

"யாரு வாயை? அகெமாகோஸ் வாயையா? நல்ல காரியம்."

"வெளையாடாத. மலை வாயை."

மாவிலிருந்து அவள் கை வெளியே வந்தது. "நீ என்ன சொன்னே?"

"எல்லாரும் கை தூக்கினாங்க."

"எல்லாரையும் யாருய்யா கேட்டா? உன்னைக் கேக்கறேன்."

"நானும்தான் தூக்கினேன். உழவுக்கு அவன் மாடு வேணுமில்ல?"

"உழறதுக்கு நெலம் வேணாமா? தண்ணிக்குள்ள மாட்டை விட்டு மீன் பிடிக்கப் போறியா?"

கெட்டவன் இல்லை அவன். ஊர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிற நல்லவன். கெட்டவனோடாவது சண்டை போடலாம். இந்த மாதிரி நல்லவனோடு என்ன செய்வது?

அடைத்துவிட்டார்கள். குகைக்குக் குறுக்கே ஓக் மரங்களைப் போட்டு, கல்லை அடுக்கி, விறகுக்கட்டையும் களிமண்ணும் திணித்து, ஆள் உயரத்துக்கு மேலே சுவர் எழுப்பினார்கள். முடிந்ததும் ஆடு வெட்டிச் சாப்பிட்டார்கள். ஓடை வந்து சுவரில் முட்டி நின்றது, பிறகு பரவியது. கோடை முடிவதற்குள் தாழ்ந்த வயலின் ஓரத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. தவளை கத்தத் தொடங்கியது. பிராக்ஸோ கரையில் நின்று தண்ணீரைத் திட்டினாள், சுவரைத் திட்டினாள், கடைசியில் தவளையையும் திட்டினாள்.

பிறகு ஒரு நாள் பாலாடைக்கட்டியைத் துணியில் முடிந்துகொண்டு மலை ஏறினாள். தம்பி ஸோயிதாஸ் கிரானாவில் இருந்தான். அங்கே ஊற்று வற்றிப் பிள்ளைகள் தாகத்தில் அழுதுகொண்டிருக்கும் என்று அவள் முழுசாக நம்பினாள். அங்கிருந்து எவனாவது ஒருவனைச் சமாதானம் பேச அனுப்பி வைக்கலாம், அதைச் சொல்லி வாயைத் திறக்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே முகட்டைத் தாண்டினாள்.

ஊற்று பொங்கிக்கொண்டிருந்தது. தோட்டமெல்லாம் பச்சை. பெண்கள் துணி அடித்துத் துவைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

"வா அக்கா, தவளையெல்லாம் சௌக்கியமா?" என்றான் ஸோயிதாஸ். கிண்ணத்தில் மொண்டு கொடுத்தான். "குடிச்சுப் பாரு. ஒரு பதர் கெடையாது. பொறந்ததுலேர்ந்து இப்பத்தான் நாங்க சுத்தமான தண்ணி குடிக்கிறோம். அடைச்ச புண்ணியவான் யாரு? அவனுக்கு ஒரு மாலை போடணும்."

பிராக்ஸோ குடித்தாள். பனி மாதிரிச் சில்லென்று இறங்கியது. "எப்படிடா வருது? நாங்கதான் அடைச்சுட்டோமே!"

"மலை பூரா பனியக் குடிச்சு வச்சிருக்கு. உங்க ஓடை ஒண்ணுதான் அதுக்குச் சோறா? அது கொஞ்சம் கலங்கலக் கொண்டாந்து சேத்துச்சு, அவ்ளோதான். அங்க எப்படி, வயல்ல வாத்து விட்டாச்சா?"

"சிரிக்காதடா. எங்க நெலம் முழுகுது. ஆட்டைத் திருப்பிக் குடுத்துத் தொலைங்க. அதை வச்சாவது தொறக்கச் சொல்றேன்."

"ஆட்டைக் குடுத்தா அடைப்பை எடுத்துடுவானுங்க. எடுத்தா எங்களுக்குத் திரும்பப் பதரு. நாங்க என்ன கிறுக்கனுங்களா?"

கிண்ணத்தை அவன் காலடியில் போட்டு உடைத்துவிட்டு எழுந்தாள். அவளைச் சுமந்து வளர்த்த ஊரும் இப்படி, அவள் சுமக்கிற ஊரும் அப்படி. மலை இறங்கும் வழியெல்லாம் கல்லை உதைத்துக்கொண்டே வந்தாள்.

வந்ததும் நேராக ஊர்க் கிணற்றடிக்குப் போனாள். அகெமாகோஸ் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். பத்துப் பேர் கேட்கச் சொன்னாள்: "அங்க ஊத்து நெறைஞ்சு ஓடுது. நீ அடைச்சது நம்ம வாயைத்தான், அவங்க வாயை இல்ல. மழைக்கு முன்னாடி தொற."

அகெமாகோஸ் சிரித்தான். "பொறந்த வீட்டுப் பாசம்! பதர்குடிச்சான் மக வேற எப்படிப் பேசுவா? தாகம் தாங்காம அவனுங்கதான் இவளை அனுப்பியிருக்கானுங்க."

கூட்டமும் சிரித்தது. இதுதான் கொடுமை. அவள் கிரானாவில் பிறந்தவள் என்பதால்தான் அங்கே போய்ப் பார்க்க முடிந்தது. அங்கே பிறந்தவள் என்பதாலேயே பார்த்ததை நம்பமாட்டார்கள்.

"அப்ப நீயே வந்து பாரு" என்றாள் பிராக்ஸோ. "முகடு வரைக்கும் வா. கண்ணு இருக்குல்ல? இல்ல, மாடு மேச்சு மேச்சு அதுவும் போச்சா? அவ்ளோ தூரம் ஏற மூச்சு இல்லைன்னா சொல்லு, உன் மாட்டு மேலயே ஏத்திக் கூட்டிப் போறேன்."

இப்படிக் கேட்ட பிறகு போகாமல் இருக்க முடியுமா? மறுநாள் காலையில் அகெமாகோஸ், தெர்சியாஸ், பிராக்ஸோ மூவரும் ஏறினார்கள். முகட்டின் மேல் நின்றால் மேற்கே எங்கள் சமவெளி, கிழக்கே கிரானா. மேற்கே வாய்க்கு முன்னால் தண்ணீர் தகடு மாதிரி மின்னியது. கிழக்கே ஊற்றிலிருந்து இறங்குகிற வாய்க்கால் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, இரண்டு பக்கமும் அத்திமரம், கீரைப் பாத்தி. பார்வை மங்கியவனுக்குக்கூடத் தெரிகிற பச்சை.

அகெமாகோஸ் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். "வெயில் கண்ணக் கூசுது" என்றான்.

"பச்சை தெரியுதா, இல்லையா?"

"தெரியுது, தெரியுது" என்று எழுந்து இறங்கத் தொடங்கினான். தெர்சியாஸ் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தான். அன்றைக்கு இறங்கும்போது பிராக்ஸோ கல்லை உதைக்கவில்லை. நாளைக்குச் சுவரை உடைப்பார்கள், வயல் காயும், உழலாம் என்று நினைத்தாள். கோபமில்லாமல் நடந்தது அந்த ஒரு இறக்கம்தான்.

மறுநாள் சபை கூடியது. பெண்களுக்கு உள்ளே இடம் கிடையாது. பிராக்ஸோ வேலிக்கு வெளியே நின்றாள்.

அகெமாகோஸ் எழுந்தான். "மலை மேல போயி எங் கண்ணால பாத்துட்டு வந்தேன். கிரானா மஞ்சளாக் காஞ்சு கெடக்கு. இன்னும் கொஞ்ச நாள். கால்ல விழுந்துடுவானுங்க."

"பொய்!" என்று வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கிழிந்தது. "டேய், பொய்! எம் புருஷனும்தான் வந்தான், அவனைக் கேளுங்க!"

காவல்காரன் கோலை நீட்டி அவளைப் பின்னே தள்ளினான். சபை தெர்சியாஸைப் பார்த்தது. தெர்சியாஸ் தன் செருப்பின் வாரைப் பார்த்தான். வார் நன்றாகத்தான் இருந்தது. குனிந்து அதை அவிழ்த்துக் கட்டினான். அவன் நிமிர்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

வீட்டில் அவள் கத்தவில்லை. அதுதான் தெர்சியாஸுக்குப் பயமாக இருந்தது. "நீ அவன் மாட்டை வாங்கி உழு" என்று மட்டும் சொன்னாள். "உழறதுக்கு ஒரு படகும் சேத்துக் கேளு."

மழை அந்த வருஷம் சீக்கிரம் வந்தது. கார்த்திகை நட்சத்திரங்கள் விடியலில் மறையும் காலத்தில்தான் நாங்கள் விதைப்போம். அதற்கு வெகு முன்பே வானம் பொத்துக்கொண்டது. மலைகளிலிருந்து எல்லாம் வழிந்து சமவெளிக்கு வந்தது, வந்தது போகவில்லை. தாழ்ந்த வயல் முழுவதும் மறைந்தது. அவர்கள் வெட்டிய வடிகால் எந்த இடம் என்றே தெரியவில்லை. தண்ணீர் அகெமாகோஸின் வேலியையும் தொட்டது. அப்போதும் எவனும் 'தொறந்துடலாம்' என்று வாயைத் திறக்கவில்லை. முதலில் சொல்கிறவன் கோழை ஆகிவிடுவானாம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்து, "அங்க இந்நேரம் செத்துக்கிட்டிருப்பானுங்க" என்று சொல்லிக்கொண்டார்கள்.

எங்கள் ஆண்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள்.

விதைப்புக்கு முன்னால், விளைச்சல் தெய்வமான தெமேத்தர் தாய்க்குப் பெண்கள் கூடுகிற மூன்று நாள் உண்டு. கல்யாணமான பெண்கள் மட்டும். எங்கள் ஊரில் அது வாய்க்கு மேலே உள்ள பாறைத் திட்டில் நடக்கும். ஆண் எவனும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. அங்கே நடப்பது ஆணின் காதில் விழக்கூடாது. விழுந்தால் அவன் விதைத்தது முளைக்காது. இதை எங்கள் ஊரில் நம்பாதவன் கிடையாது. அந்த நாட்களில் பெண்கள் பன்றிக்குட்டிகளை வாய்க்குள் போடுவார்கள் என்பது வரைக்கும் ஊருக்கே தெரியும். மீதியை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள். எல்லோரும் காதை ஒரே மாதிரிப் பொத்துவதில்லை.

அந்த வருஷம் பெண்களுக்குத் தலைமை கிளியேனிஸ். கண்டிப்பானவள். அவள் ஒரு குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். சுவர், சுவருக்கு முன்னால் கலங்கல் ஏரி.

"இதை எங்கடி போடறது?" என்றாள் திகைத்துப்போய்.

"அகெமாகோஸ் தலையில போடுங்க அக்கா" என்றாள் பிராக்ஸோ.

சிரிப்பு எழுந்தது. அந்த நாட்களில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அசிங்கமாகத் திட்டிக்கொள்வது வழக்கம். சாமிக்கு அது பிடிக்கும். ஆனால் அன்று பிராக்ஸோவின் முறை வந்தபோது அவள் விளையாட்டுக்குத் திட்டவில்லை. "ஆம்பளைங்க அடைச்சாங்கன்னு வீட்டுல மொணமொணத்துட்டு, இங்க வந்து பன்னிக்குட்டியைத் தடவிக்கிட்டு நிக்கிறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லை? மூணு நாளைக்கு எவனும் இந்தப் பக்கம் வரமாட்டான். நம்மகிட்ட கயிறு இருக்கு, கை இருக்கு. குளிர் காலத்துல பிள்ளைக்கு என்னத்தடி குடுப்பீங்க, தவளையா?"

யாரும் சிரிக்கவில்லை. கிளியேனிஸ் குட்டியைக் கீழே விட்டாள். இடுப்புக் கச்சையை இறுக்கினாள். "கயிறக் கொண்டாங்கடி" என்றாள்.

இரண்டு நாள் இழுத்தார்கள். ஊறிப்போன ஓக் மரம் அசைய மறுத்தது. பிராக்ஸோ கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரின் மேல் இறங்கி, மண்வெட்டியால் களிமண்ணைக் கொத்தினாள். கொத்துக்கு ஒரு வசவு. தம்பியை, புருஷனை, சபையை, செத்துப்போன மாமியாரைக்கூட விடவில்லை. மேலே பெண்கள் அந்த வசவின் தாளத்துக்குக் கயிற்றை இழுத்தார்கள். மூன்றாம் நாள் நடுமரம் பிடுங்கிக்கொண்டு வந்தது. சுவர் வாயைப் பிளந்தது. ஏரி முழுவதும் உறுமிக்கொண்டு உள்ளே பாய்ந்தது, பிராக்ஸோவையும் இழுத்தது. தலைமயிரையும் கச்சையையும் பிடித்து மேலே தூக்கிப் போட்டார்கள். பாறையில் மல்லாந்து கிடந்தபடி, "போ, போய்த் தொலை" என்று தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் கிளியேனிஸ் சொன்னாள்: "நடந்தது தாயோட மூணு நாளுக்குள்ள நடந்தது. அதனால இது வெளியே போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினார்கள். பிராக்ஸோவும்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. தெர்சியாஸ் பார்த்தான். கேட்கவில்லை. எண்ணெய் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான்.

"என்னன்னு கேளேன்யா."

"வேணாம்" என்று எழுந்து வெளியே போய்விட்டான்.

சமவெளி வடிந்தது. ஊரே மர்மமாக முகத்தை வைத்துக்கொண்டது. எல்லா ஆணுக்கும் உள்ளுக்குள் தெரியும். எவனும் கேட்க முடியாது, கேட்கவும் விரும்பவில்லை. அந்த மௌனத்தில் அகெமாகோஸ் சபையில் எழுந்தான். "தாயே தொறந்துட்டா. ஏன்னா நம்ம வேலை முடிஞ்சுது. கிரானாக்காரன் தாகத்துல தவிச்சுப் பாடம் படிச்சுட்டான்." கைத்தட்டல். அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்த அத்தனை பேரும் பெண்கள். அத்தனை பேர் வாயும் சத்தியத்தால் அடைத்திருந்தது. பிராக்ஸோ அன்று ஒரு பானையை உடைத்தாள்.

தாமதமாக விதைத்ததில் பாதி விளைச்சல்தான். குளிர்காலம் முழுவதும் ஓக் கொட்டை மாவுதான் பல வீட்டில். இரண்டு வீட்டில் கைக்குழந்தை போயிற்று. கைத்தட்டியவர்களுக்கு அதுவும் புத்தி சொல்லவில்லை.

அடுத்த கோடையில் மறுபடி ஆடு, மறுபடி எல்லைக்கல், மறுபடி சபை. தெர்சியாஸ் திரும்பி வந்து வாசலிலேயே நின்றான்.

"என்னய்யா?"

"மறுபடியும் அடைக்கிறதுன்னு. போன தடவை நல்லாப் பலிச்சுதாம். இந்தத் தடவை மரம் இல்ல. பழைய கோட்டைச் சுவர்லேர்ந்து வெட்டுக்கல் கொண்டாந்து, இரும்பு வச்சுக் கோத்துடுவாங்க. தாயே நெனச்சாத்தான் இனிமே தொறக்கும்."

ஒரு வீட்டுக்கல்லின் எடை பிராக்ஸோவுக்குத் தெரியும். கோட்டைக்கல்லைக் கயிறு போட்டு இழுக்க எந்தப் பெண்ணாலும் முடியாது. சத்தியம் கண் முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் தாழ்ந்த வயல் நின்றது.

"தாய் தொறக்கலைய்யா" என்றாள். "நாங்க தொறந்தோம். மொதல் நாளு..."

தெர்சியாஸ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். "சொல்லாத! நான் கேக்கலை, நான் கேக்கலை!" என்று கண்ணையும் மூடிக்கொண்டு கத்தினான். கட்டின புருஷன், அவள் உரிந்த கையைப் பார்த்தவன், உண்மை காதில் விழுந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு நின்றான். அவளுக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. வரவில்லை. கோபம்தான் வந்தது, அதோடு ஒரு யோசனையும் வந்தது.

அவள் தெருவில் இறங்கினாள். உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தாள். முதல் நாள் பெண்கள் எப்படி ஏறுவார்கள், என்ன கொண்டுபோவார்கள், யாரை யார் என்ன திட்டுவார்கள். கொல்லன் காதைப் பொத்தினான். குயவன் சக்கரத்தை விட்டுவிட்டுக் களிமண் கையோடு காதைப் பொத்தினான். எதிரே அகெமாகோஸ் ஆட்களோடும் வண்டியோடும் வந்தான், வண்டியில் கோட்டைக்கல். "ரெண்டாவது நாளு, அகெமாகோஸ், உம் பொண்டாட்டியும்தான் கயித்தைப் பிடிச்சா. அவ என்ன சொல்லிக்கிட்டு இழுத்தான்னு சொல்லட்டுமா?" என்றாள். அத்தனை பெரிய ஆள் காதில் விரலை விட்டுக்கொண்டு சந்துக்குள் ஓடினதை ஊரே பார்த்தது. சத்தம் கேட்டு மாடுகள் வண்டியோடு நடுத்தெருவில் நின்றன.

அவள் போய் வாயின் முன்னால் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். கையில் நூல் நூற்கும் கதிர், கம்பளி. ஆட்கள் கல்லோடு வருவார்கள். அவள் நூலை நிறுத்தாமல், "மூணாவது நாளு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று தொடங்குவாள். கல் கீழே விழும். காதைப் பொத்திய கையால் கல்லைத் தூக்க முடியாது. அவளை அடிக்கலாம் என்றால் பக்கத்தில் போக வேண்டும். பக்கத்தில் போனால் காதில் விழும். அந்தக் கோடை முழுவதும் அவள் அங்கேயே இருந்தாள். விதைப்பு வந்தது, வாய் திறந்தே இருந்தது. அதற்குப் பிறகு வந்த கோடைகளிலும் உட்கார்ந்தாள். அவள் இருந்தவரைக்கும் எவனும் அதை அடைக்கவில்லை.

கிளியேனிஸ் ஒரு நாள் அவளிடம் வந்தாள். திட்டவில்லை. அழுதாள். "நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல பிராக்ஸோ. ஆனா சத்தியத்த ஒடைச்சுட்டே. இனிமே உனக்கு அந்த மூணு நாள் கெடையாது."

"தெரியும் அக்கா."

"சாகற வரைக்கும் கெடையாது."

"தெரியும்னு சொன்னேன்ல!"

ஒவ்வொரு வருஷமும் அந்த மூன்று நாள் வரும்போது ஊரில் கல்யாணமான பெண் ஒருத்திகூட இருக்கமாட்டாள், பிராக்ஸோவைத் தவிர. ஆண்களோடு தனியாக ஊரில் நின்றுவிட்டவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தாழ்ந்த வயலுக்குப் போய் வடிகாலில் மண் வாருவாள். மேலே பாறைத் திட்டிலிருந்து பெண்களின் வசவும் சிரிப்பும் காற்றில் இறங்கி வரும். அப்போது அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, சேற்றுக் கையாலேயே தன் காதைப் பொத்திக்கொள்வாள்.